வியாழக்கிழமைச் சீட்டு

வீரவநல்லூரில் பஸ் ஏறும்போது
இடுப்பு ஒருபக்கமாய்ச் சாய்ந்தே இருக்கிறது,
அங்கன்வாடியில் இறக்கிவிட்டு வந்த பிள்ளை
இன்னும் அங்கேயே உட்கார்ந்திருப்பதுபோல.

"எங்கம்மா?"
"பாபநாசம்."
"போன வாரமும் போனியள்லா. கோயிலுக்கா?"
"இல்ல. போய்ட்டு இதே பஸ்ல திரும்பிருவேன்."
கண்டக்டர் என்னைப் பார்த்தார்,
கட்டணமில்லாச் சீட்டு ஒன்றைக் கிழித்தார்,
வேறெதுவும் கேட்கவில்லை.
அதற்காகவே அவர் நூறு வயது இருக்கட்டும்.

தொடங்கியது ஒரு புதன்கிழமை.
ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற நாள்.
மிதுனா பத்து கிலோ நானூறு.
நிவின் பதினாறு.
நர்ஸ் அட்டையில் எழுதிக்கொண்டிருக்கையில்
நானாக அந்த எடை மிஷினில் ஏறி நின்றேன்.
நாற்பத்தொன்று.
"உங்களுக்கு இதுல கட்டம் இல்லையேக்கா"
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
பிறகு சிரிப்பு நின்று
அட்டையின் பின்பக்கம், ஓரமாய்,
பென்சிலால் 41 என்று எழுதினாள்.

அன்றைக்கு இரவுதான்
கொட்டின சோற்றுக்காக நிவினை அடித்தேன்.
ஒரு கைப்பிடிகூட இருக்காது சோறு.
அவன் அழவில்லை.
தங்கச்சியைத் தன் முதுகுக்குப் பின்னால்
இழுத்துக்கொண்டான்.
இதைத்தான் சொல்ல வந்தேன்.
பஸ், சீட்டு, ஆஸ்பத்திரி எல்லாம்
இதைச் சொல்லாமலிருக்கச் சொன்னது.

ஜன்னலோரம்.
கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கட்டோடு ஏறுகிறவளுக்கு
இடம் கொடுக்காமல்
தூங்குவதுபோல் கிடந்தேன் போன வாரம்.
இந்த வாரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.
ஜன்னலைக் கொடுக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும்
பேச்சுச் சத்தம் கொஞ்சம் தணியும்.
தண்ணீரைப் பார்க்காமல் பாலம் கடக்கிறவர்
இந்தப் பக்கத்தில் கிடையாது.
கீழே, துவைத்து முடித்த ஒருத்தி
தன் பாதத்தை மட்டும்
கல்யாண வீட்டு ஏனம்போலத்
தேய்த்துக்கொண்டே இருந்தாள்.
என் பாதத்தைச் செருப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.
பழைய பழக்கம் உண்டு எங்களுக்குள்,
பேச்சு மட்டும் விட்டுப்போயிற்று.

அம்பாசமுத்திரம் தாண்டினால்
டிரைவர் கண்ணாடி முழுக்க மலை.
அப்போது என்ன நினைப்பாய் என்றால்
கேஸ் புக் பண்ணணும்.
யூனிபார்ம் பொத்தான் ஒன்று காணோம்.
மூச்சை எண்ணிப் பார்க்கிறேன்,
பதினேழில் மறந்துபோய்
ஒரு ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்க்கிறேன்.

பாபநாசத்தில் பத்து நிமிஷம் நிற்கும்.
அவித்த பனங்கிழங்கு ஒன்று வாங்கி
நின்றபடியே உரித்து,
நாரைப் பைய இழுத்து,
நடுவில் உள்ள குருத்தையும் நானே தின்றேன்.
யாருக்கும் எடுத்துவைக்கவில்லை.
தொண்டையில் கொஞ்சம் அடைத்தது. இறங்கிவிட்டது.

"வியாழக்கிழமை மட்டும்
போன எடுக்க மாட்டேங்கியே" என்றார் முப்பிடாதி,
லோடு வண்டியைத் துடைத்தபடி.
"டவர் கிடைக்கல."
பொய்யில்லை. மலைக்குப் பக்கத்தில் கிடைக்காது.
மலைக்குப் பக்கத்தில் ஏன் இருந்தேன் என்பதை
அவர் கேட்டால் சொல்வேன்.

போன மாசம் இரண்டு முறை
கை ஓங்கினேன், இறங்கவில்லை.
ஒருமுறை இறங்கிவிட்டது.
மறைக்க ஒன்றுமில்லை.

சீட்டுகளை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தேன்.
நிவின் கண்டுபிடித்துவிட்டான்.
தலையணைகளை வரிசையாய்ப் போட்டு
வாயால் விசில் ஊதினான்.
"ஏம்மா, எங்க போணும்?"
"பாபநாசம் ஒண்ணு."
கிழித்துக் கொடுத்தான்.
கொடுத்த கையை எடுக்காமல்
"நானும் வாரட்டா?" என்றான்.

அவனை முகர்ந்து பார்த்தேன்.
சிலேட்டுக் குச்சி, வேர்வை.
"ஞாயித்துக்கிழமை மூணு சீட்டு போடுவோம்.
இது ஒத்தச் சீட்டு மக்கா."
கொஞ்சம் யோசித்தான்.
"அப்ப ஜன்னல்ட்ட உக்காருங்க" என்றான்.
ரைட் கொடுத்தான்.