மூன்று திருத்தம்

வெள்ளவத்தையில் புடவைக்கடைக்கு மேல்மாடி,
சனிக்கிழமை நாலு மணி.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.
கதைத்துக்கொண்டிருப்பவர் நிறுத்திவிட்டு
ரயில் போனதும்
விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.
அது ஒன்றுதான் எங்களிடம் இருந்த சட்டம்.

நாங்கள் செய்வது ஓர் எழுத்துப்பிழை திருத்தி.
காசில்லை, பூட்டில்லை.
எவரும் எடுக்கலாம், பிரிக்கலாம்,
தன் பெயரில் திரும்பக் கட்டலாம்
என்று உரிமத்தில் எழுதிவைத்தோம்.
கதவிலும் ஒட்டினோம்: எவரும் வரலாம்.

வந்தார்கள்.
உடம்பு மெலியும் மாவை விற்க ஒருவர்,
மூன்று சனி, மூன்று நிறத்தில் துண்டுப்பிரசுரம்.
ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிவிட்டால்
பிழையே வராதே என்று இன்னொருவர்,
ஒன்றரை மணித்தியாலம்.
பிறகு,
மிஃப்ராஸ் எழுதிய நிரலைப் பார்க்காமல்
அவன் எந்த ஊர், எந்தப் பள்ளிவாசல் என்று
கேட்டுக்கொண்டேயிருந்த ஒருவர்.
மிஃப்ராஸ் மடிக்கணினியை மூடிய சத்தம்
பெரிதில்லை.
ஆனால் அது ரயில் இல்லை,
போகும்வரை பொறுத்திருக்க.

விதியை எழுதியது நான்தான்.
'மூன்று திருத்தம் செய்து ஏற்கப்பட்டவர் கதைக்கலாம்.
மற்றவர் இருந்து கேட்கலாம்.'
தமிழ் படிக்கவென்று வந்து
எழுத்துரு வேலையில் மாட்டிக்கொண்ட இந்திக்க
"எனக்கு ரெண்டுதானே இருக்கு" என்று சிரித்தான்.
தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல்
கையைப் பாதியில் வைத்திருந்தான்.
ஒன்பது கை எண்ணினேன்.
பாதிக் கையை எங்கே எழுதுவது?

அடுத்த சனி
பதினொரு பிழை தீர்த்தோம்.
மிஃப்ராஸ் வந்து
தன் பழைய கதிரையிலேயே இருந்தான்.
பொய் சொல்லமாட்டேன், நிம்மதியாக இருந்தது.

பின்வரிசையில் புதிதாக ஒரு பெண்.
கொட்டாஞ்சேனையில் தட்டச்சுக் கடை என்று
பதிவில் எழுதியிருந்தாள்.
வாயைத் திறந்தாள்,
கதவிலிருந்த தாளைப் பார்த்தாள், மூடினாள்.
தேத்தண்ணி குடித்த கோப்பையைக்
கழுவி வைத்துவிட்டுப் போனாள்.
என்ன கேட்க வந்தாளோ,
எனக்கு இன்றுவரை தெரியாது.

வாடகைக் கணக்குத் தேடி
பழைய கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன்.
ஏழு வருஷத்துக்கு முந்திய ஒரு சனி,
சுகிர்தனின் கோணல் எழுத்து:
'புதிதாக வந்தவர் யதுர்ஷினி. கேட்டது,
இந்த மென்பொருளை எந்தக் கடையில் வாங்கலாம்?
எல்லோரும் சிரித்தோம். பிறகு விளக்கினோம்.'

யதுர்ஷினி என்பது நான்.
திருத்தம்: பூச்சியம்.

தாளைக் கிழிக்கவில்லை.
மிஃப்ராஸின் கதிரை கண்ணுக்கு முன்னால் இருந்தது.
மா விற்றவருக்கும்
ஒரு முதல் கேள்வி இருந்திருக்கும்தானே
என்றும் யோசித்தேன்.
பேனையை எடுத்து அடியில் எழுதத் தொடங்கினேன்:
'முதல் கேள்வியை மட்டும் எவரும்'

ரயில் வந்தது.
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி
நின்றேன்.