பிரேக் எங்கே?

மூச்சுகளை எண்ணுவது என் வேலை.
கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு
என்னைத் தெரியாது.
நிமிர்ந்தால் தெரிவது அவர் முகம்தான்.
என் தாளில் நான்கு கட்டங்கள்:
சிரித்தார், சுளித்தார், பெருமூச்சு விட்டார்,
கைப்பேசியைப் பார்த்தார்.

கோத்தன்பர்க்கில் நவம்பர்.
நனைந்த கோட்டுகள் கதவோரம் சொட்டுகின்றன.
இன்னும் பிறக்காத ஆட்டத்துக்கு
ஏழு பருவங்கள் ஏற்கெனவே எழுதியாயிற்று.
பறக்கலாம், மலையைப் பிளக்கலாம்,
வாரம் ஒரு புது அங்கி வாங்கலாம்.
இது ஆட்டமில்லை, சேவை என்கிறார்கள் மேல்மாடியில்.
சேவை என்றால்
முடியவே கூடாது என்று பொருள்.

மெல்கருக்குப் பதினேழு வயது.
அவன் தேர்ந்தெடுத்த இடிமகள்
மூன்றாம் நிமிடத்தில் வங்கிச் சுவருக்குள்
இடுப்புவரை புதைந்துபோனாள்.
விழுந்து விழுந்து சிரித்தான்.
"இதைச் சரிசெய்துடாதீங்க" என்றான்.
சரிசெய்துவிடுவோம்.

ஹோதன், மருந்துக்கடையில் வேலை:
"இன்னும் ஒருத்தரையும் காப்பாத்தலை,
அதுக்குள்ள கடை ஏன் திறக்குது?"
பெருமூச்சு. பெருமூச்சு.
மூன்றாவதற்கு நான் போட்ட கோட்டில்
தாள் கிழிந்தது.

அனெலி பறந்தபோது
நாற்காலியும் கூடவே சாய்ந்தது.
இரண்டாம் மேகத்தில் பிஸ்கட் டப்பாவைக் கேட்டு வாங்கி
அதற்குள் வாந்தி எடுத்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு
பத்துக்கு எட்டு கொடுத்தாள்.

பிறகு தோர்பியோன்.
அறுபத்தொன்று. முப்பத்துநான்கு வருடமாக
பதினொன்றாம் எண் டிராம் ஓட்டுகிறவர்.
மகள் கொடுத்த அழைப்புச் சீட்டோடு வந்தார்.

முதல் பணி எல்லோருக்கும் ஒன்றுதான்:
பிரேக் அறுந்த டிராம் சரிவில் பாய்ந்து வரும்,
நாயகன் குறுக்கே குதித்து
மார்பால் தடுக்க வேண்டும்.
தீப்பொறி, கைத்தட்டல்,
ஒரு நிமிடம் இருபது வினாடி.

அவர் குறுக்கே குதிக்கவில்லை.
பின்கதவில் ஏறினார்.
காற்றில் படபடக்கும் தங்க அங்கியோடு
பயணிகளை விலக்கி விலக்கி நடந்தார்.
ஒவ்வொருவரிடமும், வாய்விட்டே,
மன்னிக்கணும், மன்னிக்கணும்.
ஓட்டுநர் அறைக்குள் நுழைந்தார்.
"பிரேக் எங்கே?"

பிரேக் இல்லை.
அங்கே யார் போகப்போகிறார்கள் என்று
ஒரு படத்தை ஒட்டிவைத்திருந்தோம்.
ஐந்து பொத்தான், ஒரு கைப்பிடி,
எல்லாம் வெறும் சாயம்.
டிராம் மோதியது. திரை சிவந்தது.
மறுபடி பின்கதவு.
மன்னிக்கணும், மன்னிக்கணும்,
பிரேக் எங்கே?

பதினொரு முறை.
சிரிக்கவில்லை. சுளிக்கவில்லை.
கைப்பேசி கோட்டுப் பையிலேயே கிடந்தது.
என் பேனா கட்டங்களுக்கு மேலே
அந்தரத்தில் நின்றது.

பன்னிரண்டாம் முறை அவர் தேடவில்லை.
பயணிகள் பக்கம் திரும்பி நின்றார்.
ஒரே சட்டையில் ஆறு பேர்,
ஒரே குழந்தையோடு மூன்று தாய்கள்.
"இவங்களை இறங்கச் சொல்ல
ஒரு பொத்தான்கூட இல்லையா?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.
இல்லை, கண்ணாடியைப் பார்த்து.

மாலைக் கூட்டத்தில்
வரைபடத்தின் ஓரத்தில் தனியே ஒரு சிவப்புப் புள்ளி.
சராசரியைக் கெடுக்கிறது என்று நீக்கினார்கள்.
"அவர் டிராம் ஓட்டுநர்" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
அதற்குக் கட்டம் இருக்கிறது.

அடுத்த பதிப்பில்
ஓட்டுநர் அறைக்குப் பூட்டு.
கடையில் புதிதாக
நீல நிறத்தில் ஓட்டுநர் தொப்பி,
நானூறு காசு.
முதல் வாரம் மட்டும் முந்நூறு.

பதினொன்றாம் எண்ணில்தான் நான் வீடு திரும்புவது.
மழையில் வழுக்கும் வளைவில்
வண்டி வேகம் குறைந்தது.
எதிரே இருந்தவள் கோப்பையில்
காப்பி ததும்பவில்லை.
அவள் நிமிர்ந்து பார்க்கவுமில்லை.
என் நிறுத்தம் வந்துகொண்டிருந்தது.
கம்பியில் இருந்த பொத்தானை அழுத்தினேன்.
முன்னால் எங்கோ
ஒரு சிறு விளக்கு எரிந்தது.