காரணம் என்ற கட்டம்

செய்தித்தாள் அலுவலகத்துப் பையன் போனில் சொன்னான்:
வரிக்கு ஆறு டாலர், படம் தனி.
அம்மாவுக்கு இந்தக் கணக்குப் பிடித்திருக்கும்.
அடைமொழியைக் கண்டாலே சிவப்புப் பென்சிலை எடுப்பவள்.
'பாசமுள்ள' எதற்கு,
என்ன செய்தாள் என்று எழுது என்பாள்.

எழுதினேன்.
யூஸ்தினா போரோடியன்ஸ்கி, வயது தொண்ணூற்றேழு.
சாஸ்கட்சவானில் பிறந்தாள்.
ஐந்து பிள்ளைகள் பெற்றாள்.
முப்பத்தெட்டு ஆண்டுகள் பாடம் சொன்னாள்.
இருபத்து நான்கு டாலர்.

காசு கொடுக்காத மிச்சம் இங்கே:

நாலரை மணிக்கு மாடு கறந்து
லாந்தரோடு ஒரு மைல் நடந்து
பள்ளிக்கூட அடுப்பில் நிலக்கரி அள்ளிப் போடுவாள்.
மைப்புட்டிகள் கல்லாக உறைந்திருக்கும்.
நாங்கள் போவதற்குள் அவை
அடுப்பைச் சுற்றி நின்று இளகிக்கொண்டிருக்கும்.
எட்டு வகுப்புக்கு ஒரே அறை.

பள்ளி வேலிக்கு இந்தப் பக்கம் 'மாமோ',
அந்தப் பக்கம் 'டீச்சர்'.
ஒரு தடவை வாய்தவறி உள்ளே கூப்பிட்டுவிட்டேன்.
தலையைத் திருப்பாமல் சொன்னாள்:
"உன் அம்மா வீட்டில் இருப்பாள்."
உக்ரைன் மொழியில் ஒரு சொல் உதிர்ந்தால்
கரும்பலகை துடைக்க வேண்டும், அது சர்க்கார் விதி.
ராத்திரி அதே மொழியில்தான்
ஐந்து பேரையும் அதட்டித் தூங்கவைப்பாள்.

ஜனவரியில் பனி ஏறி வேலியே காணாமல் போகும்.
அவள் கால் புதைந்த குழிகளில் கால் வைத்துப் போவேன்,
எந்த அடியில் மாறுகிறாள் என்று பார்க்க.
பிடிபட்டதே இல்லை.

வீட்டை ஒழித்தபோது
மாவுப் பெட்டிக்கு அடியில் வருகைப் பதிவேடு,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு.
கடைசிப் பத்தியின் தலைப்பு: காரணம்.
விதைப்பு. தட்டம்மை. பன்றி ஈன்றது.
நெஸ்டர் சொலோவெய், பூட்ஸ் இல்லை.
நெஸ்டர் சொலோவெய், பூட்ஸ் இல்லை.
மூன்றாம் நாள் நெஸ்டருக்குச் சரிக்குறி.
அந்த வாரம் அப்பா தன் பழைய ஜோடியை
வீடெல்லாம் தேடியது எனக்கு நினைவிருக்கிறது.

அதற்கு நாலு வரி கீழே, என் அண்ணன்.
ஒரெஸ்ட்: ஏப்ரல் பதினொன்று வரை சரிக்குறி.
பன்னிரண்டு சனிக்கிழமை.
குட்டையின் பனி அன்று மாட்டைத் தாங்கியது,
பையனைத் தாங்கவில்லை.
மூன்று நாள் பள்ளி பூட்டியிருந்தது.
வியாழனன்று அவள் பலகையில் தேதி எழுதினாள்.
ஏழாம் வாய்ப்பாடு.

அன்றிலிருந்து ஜூன் கடைசி வரை
அவன் வரியில் ஐம்பத்தொரு பெருக்கல்குறி.
பெயரை அடிக்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
ஒன்றும் எழுதவில்லை.
பென்சில் முனை தொட்ட ஒரு புள்ளி மட்டும்
இருப்பதுபோல் இருக்கிறது. ஈ எச்சமாகவும் இருக்கலாம்.

அவனுக்கு அடுத்து என் பெயர், பவ்லினா.
அந்த வசந்தத்தில் தினமும்
என்னைக் கூப்பிடுமுன் ஒரு மூச்சு நேரம் நிறுத்துவாள்.
எனக்கு ஒன்பது வயது.
என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.
நான் ஏன் அவனைப் பிடித்து இழுக்கவில்லை என்ற கோபம்.
அறுபத்து நான்கு வருஷம் அப்படியே நினைத்தேன்.
இடையில் அவளோடு எத்தனை முறை
பீட்ரூட் நறுக்கியிருக்கிறேன், கேட்கவில்லை.
"உள்ளேன் டீச்சர்" என்று
ஒவ்வொரு காலையும் கத்திச் சொன்னேன்.
இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது.

அடக்கத்தன்று காற்று.
பாதிரியார் புத்தகத்தின் தாள்களைக்
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.
யாராவது பேச விரும்பினால் பேசலாம் என்றார்.
நெஸ்டர் சொலோவெய், எழுபத்தாறு வயது,
இரண்டு முழங்காலும் மாற்றியவர்,
தொப்பியைக் கழற்றிவிட்டு
வலது கையைத் தூக்கினார்.

"சொல்லுங்கள்" என்றார் பாதிரியார்.
அவர் பாதிரியாரைப் பார்க்கவில்லை.
குழியைப் பார்த்தபடி
கையைத் தூக்கிக்கொண்டே நின்றார்.