புதன்கிழமைப் பட்டியல்

வெள்ளைப் பலகையில் என் பெயரின் மேல்
நானே கோடு போட்டேன்.
பேனாவில் மை தீர்ந்திருந்தது.
இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

ஷீராஸ். காலை ஆறே முக்கால்.
மூன்றாம் அறையில் வரிசையாக நான்கு மூக்குகள்,
மூச்சு நன்றாகவே போய்வரும் நான்கு மூக்குகள்.
நோய் என்ற பத்தியில் ஒவ்வொன்றுக்கும்
சிறிய கிடைக்கோடு.
என் கோடும் ஏறக்குறைய அதே நீளம்.

மூன்று பேர் மறுத்தோம்.
செபெஹ்ருக்கு அது கணக்கு:
லாமெர்டிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்த
அண்ணம் பிளந்த குழந்தையை
அறை காலியில்லை என்று
இரண்டு தடவை திருப்பி அனுப்பியாயிற்று.
அர்தலானுக்குக் கோபம்,
யார் மேல் என்று அவனுக்கே தெரியாது.
இரண்டாம் வாரமே அடித்த இடத்தில்
பெயரைத் திரும்ப எழுதிவிட்டான்.
வீட்டு வாடகை, என்றான்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
தேநீர் வேளையில் சர்க்கரைக் கட்டிகளை மட்டும்
அவன் பக்கம் நகர்த்த மறந்தோம்.

எனக்கு?
முதல் ஆண்டில் ஒருநாள் உளியைப் பிடித்திருந்தேன்,
டாக்டர் சுத்தியால் தட்டினார்.
பாதாம் ஓடு விரியும் சத்தம்.
உடையாத ஒன்றை உடைப்பதற்கு
என் இடது கை அவ்வளவு அசையாமல் நின்றது.
அந்த அசையாமைதான் பயமுறுத்தியது.

டாக்டர் தெஹ்பொசோர்கி கத்தவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"நாளைக்கு ஒரு விபத்து வரும், முகம் சப்பையாக.
அந்த எலும்பை எங்கே பழகியிருப்பாய்?"
பதில் இருந்தது.
வாய்க்கு வரும்போது பாதிதான் இருந்தது.
படிவத்தில் காரணத்துக்கு ஒரே ஒரு வரி.
விருப்பமில்லை என்று எழுதினேன்.
"விருப்பமா? அது இங்கே
நோயாளிக்கு மட்டும்தான்."

மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று சொல்ல
எவ்வளவு மூக்கு வேண்டும், எவ்வளவு கூடாது?
அளவு யாரும் சொன்னதில்லை.
பட்டியல் மட்டும் நீள்கிறது.

அன்றிரவுப் பணி எனக்கு.
இரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள்.
முகத்தில் காலையில் ஒட்டிய பிளாஸ்டர்,
அதன் கீழே துண்டு,
துண்டெல்லாம் ரத்தம்.
பெஹ்நூஷ். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள்.
மூன்றாம் அறை, இரண்டாவது மூக்கு.

இதற்குக் கோடு கிடையாது.
தலையை முன்னால் சாய்க்கச் சொன்னேன்.
உறைந்ததை உறிஞ்சி எடுத்தேன்.
நாடாத் துணியை மடித்து மடித்து உள்ளே வைத்தேன்.
வேண்டாமென்ற காரியத்தில்
மூக்கை நுழைத்தாயிற்று என்று தோன்றியது.
வந்த சிரிப்பை முகக்கவசம் வைத்துக்கொண்டது.
நாற்பது நிமிடம்.
நின்றது.

"காலையில் நீங்கள் இருந்தீர்களா?"
இல்லை.
"பலகையில் ஒரு பெயர் அடித்திருந்தது.
தள்ளுவண்டியில் படுத்தபடி படித்தேன்."
என் பெயர்தான். நானே அடித்தேன்.

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.
கையுறையைக் கழற்றினேன், குப்பையில் போட்டேன்,
இன்னும் கேட்கவில்லை.
கேட்டிருக்கக் கூடாது, நான் கேட்டேன்:
உங்களுக்கு ஏன்?

வாயால் மூச்சு விட்டபடி,
ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, சொன்னாள்:
"பதினோரு வருஷமாகக் கூண்டுக்குள் உட்கார்ந்து
எங்கே போகிறீர்கள் என்று எல்லாரையும் கேட்கிறேன்.
ஏன் போகிறீர்கள் என்று
ஒருவரையும் கேட்டதில்லை."

ரத்த அழுத்தம் எழுதினேன். நேரம் எழுதினேன்.
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
பிளாஸ்டருக்குக் கீழே
அந்த மூக்கு எப்படி இருந்தது என்று
எனக்குத் தெரியாது. முன்னாலும் தெரியாது.

அடுத்த புதன் பேனாவில் மை இருந்தது.
கோடு போட்டேன்,
ஒரே இழுப்பில், கீழே பெயர் படிக்கும்படி.
காரணத்துக்கான வரியை விட்டுவிட்டேன்.
லாமெர்ட் குழந்தை இந்த வாரமும் பட்டியலில் இல்லை.
நான் விட்ட இடத்தில் அர்தலான் இருந்தான்.

தேநீர் வேளையில் சர்க்கரைக் கட்டிகளை
அவன் பக்கம் நகர்த்தினேன்.
எடுத்துக்கொள்ளவில்லை.