அசையாதவர்களுக்கான விளக்கு

வூப்பர்டால். மலைமேல் பல்கலைக்கழகம்.
கீழ்த்தளத்தில் கணினிக்கூடம் பதினொன்று.
கோடை விடுமுறை ஆறு கிழமையும்
நானும் டெட்லெஃப்பும் அங்கேதான் கிடந்தோம்,
திருகாணியும் தூசியும் ஆறிய கோப்பியுமாக.

நாற்பத்திரண்டு பழைய பெட்டிகளைக் கழற்றினோம்.
விசைப்பலகையைக் கவிழ்த்தால்
எள்ளு, உப்புக்கல், ஒரு தோடு.
ஏழாம் மேசையின் அடியில் யாரோ
நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள்:
இது திங்கட்கிழமைகளில் வேலை செய்யாது.
உண்மைதான்.
எட்டு வருடமாக அந்த முறைப்பாடு
என் பட்டியலில் கிடந்தது,
கிழமையைத்தான் நான் கவனிக்கவில்லை.

பிறகு புதியவை வந்தன.
சுவரளவு திரை. கூரையில் ஒலிவாங்கிகள்,
கடைசி வரிசையின் இருமலைக்கூட
வீட்டிலிருப்பவனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.
விளக்குக்கு ஆளி இல்லை, உணரி.
ஆள் அசைந்தால் எரியும்,
பத்து நிமிடம் அசையாவிட்டால் அணையும்.
மின்சாரம் மிச்சம் என்ற அந்த ஒரு பந்தியால்தான்
பணமே கிடைத்தது.

திறப்பு விழாவில் எல்லோரும் நடந்தார்கள்,
கை குலுக்கினார்கள், கை தட்டினார்கள்.
உணரிக்கு அவர்களை மிகவும் பிடித்துவிட்டது.

மாசி மாதம், நிலையியல் சோதனை.
ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி:
இருட்டாகிவிட்டது, வாருங்கள்.
படிகளில் இறங்கி ஓடினேன்.

நாற்பது முகங்கள், திரைகளின் நீல வெளிச்சத்தில்.
ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் திட்டவில்லை.
ஒரு பாலம் ஏன் விழாமல் நிற்கிறது என்று
எல்லோரும் ஒரே நேரத்தில்
யோசித்துக்கொண்டிருந்தார்கள்.
உணரியின் பதிவேட்டைப் பின்னர் பார்த்தேன்.
9:40. அறையில் யாரும் இல்லை.

கண்காணிப்பாளர் ஹெல்ம்கே அம்மையார்
போகிற பேருந்தை மறிப்பதுபோல்
இரண்டு கைகளையும் வீசினார்.
வெளிச்சம் வந்தது.
பத்து நிமிடத்தில் போனது.

மூன்றாம் தடவை, பின்வரிசையில் ரோஜ்டா,
கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமலே
இடது கையை உயர்த்தி
ஈ ஓட்டுவதுபோல் ஒரு அசைப்பு.
வலது கை எழுதிக்கொண்டே இருந்தது.
அடுத்த தடவை அவளுக்கு முன்னால் இருந்தவன்.
அதற்கடுத்தது கண்ணாடி போட்ட பையன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
முறை தானாகவே வரிசை வரிசையாய் நகர்ந்தது.
நான் மடிக்கணினியைத் திறந்தபடி
வாசலில் நின்றேன், ஒன்றும் செய்யாமல்.

மாற்றவேண்டியது ஒரே ஒரு எண்.
பத்தை நூற்றிருபது ஆக்கவேண்டும்.
அதற்கும் படிவம் உண்டு.
காரணம், எண்பது எழுத்துகளுக்குள்.
எழுதினேன்:
இங்கே யோசிக்கிறார்கள்.

நாலு நாளில் எரிசக்திப் பிரிவிலிருந்து பதில்,
மரியாதையாக, முத்திரையோடு:
சராசரியாக எவ்வளவு நேரம்?

அதற்கு என்ன எழுதுவதென்று
கதிரையில் சாய்ந்தேன்.
ரோஜ்டாவின் இடது கையை நினைத்தேன்.
பாலத்தை நினைத்தேன். அந்தத் தோட்டையும்,
அதன் சோடி எந்தக் காதில் என்றும்.
ஜன்னலுக்கு வெளியே, பள்ளத்தாக்கில்,
தொங்கு ரயில் ஒன்று ஆற்றுக்கு மேலே
விளக்குகளோடு ஊர்ந்துபோனது.

என் அறைக்கும் கோடையில்தான்
உணரி பூட்டியிருந்தோம்.
அணைந்தது.

கையை உயர்த்தவில்லை.
இருக்கட்டும் என்று விட்டேன்,
இன்னும் விடை வரவில்லை.