ஒரு சாண் தள்ளி

ஜூன் மாதம் புன்டா அரேனாஸில்
காலை பத்து மணிக்குத்தான் விடிகிறது.
ஐந்தரைக்கு மறுபடி இருட்டு.
நடுவில் கிடைக்கும் வெளிச்சத்தில்
நான் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறேன்.
மாடியறையில் என் கணினி
வெளிச்சத்துக்குக் காத்திராமல்
ஒரு புரதத்தை மடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டிராகோ வுகாசோவிச்சின் கடைக்கு
ஆணி வாங்கப் போனால்
அணியில் சேர்த்துவிடுவார்.
எனக்கும் அப்படித்தான் ஆனது,
கால் கிலோ ஆணியோடு.
"தூங்கும்போது உன் கணினி என்ன செய்கிறது?" என்றார்.
"அதுவும் தூங்குகிறது" என்றேன்.
"எழுப்பு."

இப்போது பதினோரு பேர்.
டாக்ஸி ஓட்டும் எலிசெயோ பர்ரியா.
இறைச்சிக் கூடத்தில் கணக்கெழுதும் இவோன் மான்சியா.
துறைமுகக் காவலாளி ஒருவர், பெயர் சொல்லக் கூடாது,
அலுவலகக் கணினியை இரவில் இதற்கு விடுகிறார்.

நோய் எலியிடமிருந்து வருவது.
உடலைவிட வால் நீண்ட எலி.
பூட்டிக் கிடந்த விறகுக் கொட்டகையைப்
பெருக்கப் போன ஒருத்தி
தூசியை மூச்சில் வாங்கினாள்;
மூன்றாம் வாரம் நுரையீரலில் நீர்.
இவோனின் அக்காள் மகள் அவள்.
இவோன் அதைப் பற்றிப் பேசியதில்லை.
அவள் வீட்டில் மட்டும் மூன்று கணினிகள் ஓடுகின்றன.

கணக்கை நொறுக்கித்
துண்டு துண்டாக அனுப்புகிறார்கள்.
ஒவ்வொரு துண்டும் இரண்டு வீடுகளுக்குப் போகும்.
இரண்டு விடையும் ஒத்தால்தான் ஏற்பு.
அந்த இன்னொரு வீடு
எந்தத் தேசம், எந்தத் தெரு, தெரியாது.
அங்கே இப்போது வெயிலாகக்கூட இருக்கலாம்.

ஜூலையில் என் விடை ஒத்துவரவில்லை.
ஆறாவது தசமத்தில் ஒரு சிறு பிசகு.
மூன்றாம் வீட்டைக் கேட்டார்கள்;
அது மற்றவர் பக்கம் சாய்ந்தது.
வியாழக்கிழமை மறுபடியும்.
ஒன்பது துண்டுகள் தள்ளுபடி.
அணியின் பட்டியலில் நாங்கள் சரிந்தோம்,
அடுத்த அணியின் பெயரை உச்சரிக்கக்கூட
எங்களில் ஒருவருக்கும் வராது.

இருபது ஆண்டு தொழில் செய்கிறேன்.
என் சக்கரம் எதுவும் சாலையில் கழன்றதில்லை.
அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிராகோ வந்தார்,
கையில் திருப்புளி.
பெட்டியைத் திறந்தால் உள்ளே
ரப்பர்த் தூளும் நாய்முடியும் திரண்டு
கருப்புப் பூனைக்குட்டி ஒன்று
சுருண்டு கிடப்பதுபோல் கிடந்தது.
பெயின்ட் பிரஷால் வருடி வருடி எடுத்தார்.
"உன் கணினி பொய் சொல்லவில்லை.
அதற்குக் காய்ச்சல்.
காய்ச்சலில் யார்தான் உளறுவதில்லை" என்றார்.
பிறகு அதன்மேல் காய்ந்துகொண்டிருந்த
என் கம்பளிக் காலுறைகளைப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்டில் காற்று மின்கம்பியை அறுத்தது.
ஊரே இருண்ட ஒன்றரை நாள்.
மின்சாரம் திரும்பியதும்
விட்ட இடத்திலிருந்து அவை தொடங்கின.
எலிசெயோ சொன்னார்:
என் மனைவிக்கும் எனக்கும் சண்டை வந்தால்
அவளும் இப்படித்தான்.

செப்டம்பரில் ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம்.
நாங்கள் பதினான்கு மாதம் சுழற்றிப் பார்த்த மூலக்கூறு
அந்த வைரஸின் பூட்டில்
உட்காரவில்லை.
எந்தக் கோணத்திலும் உட்காரவில்லை.
நன்றி என்று முடித்திருந்தார்கள்.

ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி
எலிசெயோ மின்கட்டணத்தைக் கூட்டினார்.
"ஒரு 'இல்லை'க்கு
எவ்வளவு பேசோ, பாருங்கள்!"
சிரிக்கத்தான் சொன்னார்.
சிலர் சிரித்தோம்.

இவோன் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.
கடிதத்தை இரண்டு முறை படித்தாள்,
கணக்குப் புத்தகம் படிப்பவளைப்போல,
விரலை வரிக்கு வரி நகர்த்தி.
"அடுத்தது எப்போது வரும்?" என்றாள்.

அது முந்திய இரவே வந்துவிட்டிருந்தது.
மாடியறை வெதுவெதுப்பாக இருக்கிறது.
கணினிக்கு ஒரு சாண் தள்ளிக் கயிறு கட்டிக்
காலுறைகளை உலர்த்துகிறேன்.