மூச்சுக்கு முந்நூறு

ஊதுங்கள் என்று சொல்வதுதான் என் உத்தியோகம்.
குத்தாயிசி ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
ஜன்னல் சரியாக மூடாத அறை.
நிறைய இழுங்கள், இன்னும் கொஞ்சம்,
இப்போது ஊதுங்கள்,
ஊதுங்கள் ஊதுங்கள் ஊதுங்கள் நிறுத்தாதீர்கள்!
சாயங்காலத்துக்குள்
என் தொண்டைதான் முதலில் தேயும்.

சீட்டில் பெயரைப் பார்க்குமுன் கையைப் பார்த்தேன்.
முழங்கை வரை ரோமம் பொசுங்கிய கை.
ரியோனிப் பாலத்தின் இந்தப் பக்கம்
தோனே அடுப்புக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து
சுவரில் ரொட்டி அறைகிற கை.
பத்ரி.
இருபத்திரண்டு வருஷமாக
இவர் சுட்டதைத்தான் தின்கிறேன்,
ஆள் இருமுவதை அன்றுதான் கேட்டேன்.

அவரால் இழுக்க முடிந்தது.
விடத்தான் முடியவில்லை.
மூச்சு வாங்குகிறது என்கிறோம்.
வாங்கிவிடலாம், யாரும் வாங்கிவிடலாம்.
திருப்பிக் கொடுக்கிற வழியில்
தசை இறுகி, உள்சுவர் வீங்கி,
கோழை வந்து குந்தியிருக்கும்.
மிச்சமிருக்கும் ஊசிக்காதில்
ஈர விறகு போல் ஒரு கீச்சு.

திரையில் அவர் மூச்சின் கோடு
நனைந்த கம்பளி தொங்கும் கொடியாகத் தொய்ந்தது.

நீலக் குப்பியை நாலு முறை அழுத்தினேன்,
குழலில் வாய் வைத்து வாங்கிக்கொண்டார்.
பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும்.
அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்:
"அடி கருகினது உங்களுக்குப் பிடிக்குமில்லையா?"
மறுபடி ஊதினார்.
கொடி கொஞ்சம் விறைத்தது.
மூடியது திறக்கவும் தெரிந்த கதவுதான்.
ஆனால் யார் மூடுகிறார்கள்?

டாக்டர் எதேரி ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார்.
நாளுக்கு நாலு தடவை ஊதி, எண்ணை எழுதிவையுங்கள்.
ஐந்து வாரம் கழித்து வந்தார்.
தனியாக நோட்டு வாங்கவில்லை,
கடையின் கடன் நோட்டிலேயே எழுதியிருந்தார்.

லாமாரா, மூன்று ரொட்டி, பாக்கி.
காலை 320.
பள்ளிக்கூடக் காவலாளி, இரண்டு.
மதியம் 290.
ஆஸ்பத்திரிக்காரி, ஐந்து, பாக்கி.
இரவு 280.

மூச்சுக்கு முந்நூறு தடவை என்று
சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும்.
முந்நூறுக்கு எவ்வளவு மூச்சு என்று
அந்தப் பக்கத்தில்தான் பார்த்தேன்.

பிறகு கடன்களே இல்லாத ஒரு பக்கம்.
மைத்துனர் செத்து, ஸ்வானெத்தி மலைக்குப் போயிருக்கிறார்.
பதினோரு நாள் கடை அடைப்பு.
350.
400.
460.
அடக்கம் நடந்த அன்று 450.
கிளம்பிய அன்று 490.
சாவு வீட்டில், அழுதுகொண்டு,
மனிதர் நன்றாக மூச்சு விட்டிருக்கிறார்.

திரும்பி வந்து மூன்றாம் நாள் 310.

டாக்டர் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.
மாவு, என்றார்.
பத்ரி சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதிலும் இருந்தது.

பழுப்புக் குப்பி காலையும் மாலையும்,
வீக்கம் வடிய; வடிவதற்கு வாரங்கள் ஆகும்.
ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளிக்க வேண்டும்.
நீலம் அவசரத்துக்கு மட்டும்.
நீலத்தையே நம்பி நாலு வருஷம் ஓட்டியிருக்கிறார்,
விசிலடித்து வெள்ளத்தை நிறுத்துகிற மாதிரி.
இரண்டும் சேர்ந்தாலும்
மாவுக்குள் நிற்கிறவரைக் கரையேற்றாது.
இதை டாக்டர் சொல்லவில்லை, நான் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.
அவர் ரொட்டி அன்றைக்கும் என் பையில் இருந்தது.

இப்போது த்சியாலா பிசைகிறாள், அவர் மனைவி,
முகக்கவசத்தோடு, அவரைவிடக் கொஞ்சம் உப்புத் தூக்கலாக.
அவர் காஸ் சிலிண்டர் வண்டி ஓட்டுகிறார்.
போன வியாழன் கடை வாசலில், மழையில்,
உள்ளே கால் வைக்காமல் நின்றிருந்தார்.
ஐந்து ரொட்டிப் பாக்கியைக் கொடுத்தேன்.
நோட்டை வாங்கி என் பெயரை அடித்துவிட்டு
பக்கத்தில் ஏதோ எழுதினார்.
எட்டிப் பார்த்தேன்: 470.

ரொட்டி கையைச் சுட்டது.
ஒரு துண்டு பிய்த்து
ஊதினேன்,
யாரும் சொல்லாமல்.